மெரின் தட்டிய சொல்

பிட்டர்ன் பே, டாஸ்மேனியா
3 ஜூன் 2019

டேரில்,

இனிமேல் போன் செய்யாதே. நேற்று நீ விடாமல் அடித்ததில் டட்லி எழுந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக் குரைக்கவே ஆரம்பித்துவிட்டது. உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், கத்தினால் அழுவேன், அழுதால் நீ "சரி விடு, சரி விடு" என்று சமாதானம் சொல்வாய், விஷயம் அப்படியே அமுங்கிப் போகும். அதனால்தான் காகிதம். சொல்ல ஏதாவது இருந்தால் நீயும் எழுது. தபால்காரருக்கும் வேலை வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் நடந்தது பெர்த்தில் உட்கார்ந்திருந்த உனக்கு எந்த அளவுக்குத் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. இங்கே ஹாலில், வீடியோ திரையில், உன் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஊரில் சிப்பி வளர்க்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். க்ளெம் ராட்ரே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்ற நினைப்பே இல்லாமல், என் பக்கம் திரும்பாமல் உன்னைக் கேட்டான்.

"மெரினோட கம்ப்யூட்டர்ல புது ஹார்வெஸ்ட் தானப்பா ஓடுது?"

"ஆமா. நானே உள்ள போய்ப் பாத்தேன். புதுசுதான்."

"அன்னிக்கு மழைக்கு அது என்ன சொல்லியிருக்கும்?"

"மூடுன்னுதான் சொல்லியிருக்கும்."

"அப்ப மெரின் போர்டுல 'திறப்பு'ன்னு எழுதி வெச்சது?"

நீ கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாய். சுவர் அளவு முகம் கண்ணாடி துடைப்பதை அந்த ஹாலே பார்த்தது. பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

மழை பெய்தால் ஓடை மேட்டு நிலத்து அழுக்கை எல்லாம் வளைகுடாவில் கொண்டுவந்து கொட்டும், சிப்பி அதைக் குடிக்கும், அந்தச் சிப்பியைத் தின்றவனுக்கு வயிறு கெடும். இதை நான் நடக்கக் கற்றுக்கொண்டபோதே கற்றுக்கொண்டேன். அதனால்தான் தினமும் காலையில் கொட்டகையில் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று 'ஹார்வெஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறேன். அது மழைமானியையும் தண்ணீரின் உப்பையும் பார்த்துவிட்டு, சிப்பி எடுக்கலாமா கூடாதா என்று சொல்கிறது. அது சொன்னதைத்தான் போர்டில் எழுதுகிறேன். ஈஸ்டர் வெள்ளிக்கிழமையும் தட்டினேன். எடுக்கலாம் என்றது. விடுமுறை என்று வேறு யாரும் படகை எடுக்கவில்லை, நான் எடுத்தேன், க்ளெமின் மகள் கல்யாணத்துக்கு என்று கேட்டிருந்தார்களே. விருந்தாளிகளில் பாதிப் பேர் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இன்னும் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் தட்டினேன், டேரில். கையால் எழுதிக்கொள்ளவில்லை. உலகத்தில் வேறு யார் நம்பாவிட்டாலும் போகட்டும், கூட்டத்துக்கு முன்னால் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மெரின்


பெர்த்
12 ஜூன் 2019

அன்புள்ள மெரின்,

பேனா பிடித்து எழுதி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. படிக்க முடியாவிட்டால் அது என் கையெழுத்தின் குற்றம், உன் கண்ணைக் குறை சொல்லாதே.

நான் யாருக்கும் எதிராகச் சாட்சி சொல்லப் போகவில்லை. க்ளெம் கூப்பிட்டான். "நீ இதே தொழில்ல இருக்கிறவன், ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துச் சொல்லேன், வெளி ஆள் பாக்கிறதுக்கு நீ பாக்கிறது உன் அக்காவுக்கும் நல்லது" என்றான். பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். நான் என்ன பார்த்தேன் என்று உனக்கும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாமல் படி.

ஒரே பெயரில் இரண்டு மூன்று நிரல்கள் வேறுவேறு ஃபோல்டர்களில் கிடக்கலாம். நீ பெயரைத் தட்டினால், ஷெல் ஒரு வரிசைப்படி ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடிப்போய், முதலில் அகப்படுவதை ஓட்டும். (ஷெல் என்றால் எனக்குத் தெரிந்தது சிப்பி ஓடுதான் என்று நீ சொல்வாய், தெரியும். அந்தக் கறுப்புத் திரையில் உன் சொல்லை வாங்கிக்கொள்கிறதே, அதன் பெயர்தான் ஷெல்.) எது அகப்படும் என்று முன்கூட்டியே சொல்ல 'விச்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெர்த்திலிருந்தே உன் கணக்கில் நுழைந்து 'விச் ஹார்வெஸ்ட்' என்று கேட்டேன். பிப்ரவரியில் அரசாங்கம் விதியை இறுக்கியபோது க்ளெம் எல்லார் கொட்டகைக்கும் வந்து போட்டுவிட்டுப் போனானே, அந்தப் புது நிரலின் இடத்தைக் காட்டியது.

அதோடு விட்டேன் என்று நினைக்காதே. உன் பெயர் எனக்கு முக்கியம். சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருக்க, அந்த நிரலின் முழு முகவரியையும், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, ஒரு எழுத்து விடாமல் தட்டி, ஈஸ்டர் மழைக் கணக்கைக் கொடுத்து ஓட்டினேன். 'மூடு' என்றது. மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஓட்டினேன், அப்போதும் 'மூடு'தான். பழைய விதியாக இருந்தால் அந்த மழைக்குத் திறந்திருக்கும். புது விதிக்கு அது அதிகம். பிப்ரவரியிலிருந்து ஈஸ்டர் வரை சொல்லிக்கொள்கிற மாதிரி மழையே இல்லாததால் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் உன்னைப் பொய்க்காரி என்று நினைக்கவில்லை, மெரின். கண்ணாடி துடைத்தபோது எனக்கு வேறொரு நினைப்பு வந்தது, அதைச் சபையில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார். வெறும் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, "தண்ணி ஊத்தினேன்டா, என் கையால ஊத்தினேன்" என்று அடித்துச் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. முந்தின நாள் ஊற்றியது அவளுக்கு இன்றைக்கு ஊற்றியதாக ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்குக் கிட்டத்தட்ட உன் வயதுதான்.

ஒரு டாக்டரைப் பார். எனக்காகப் பார்.

நாளைக்கு வடக்கே சுரங்கத்துக்குக் கிளம்புகிறேன். பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் கழற்றி மாற்றுகிற பெரிய வேலை, ஆகஸ்ட் வரை பெர்த் பக்கம் வர முடியாது. அங்கே காகிதத் தபால் வந்து சேராது. மெயில் போடு, இல்லாவிட்டால் போனை எடு. அடம் பிடிக்காதே.

டேரில்


பிட்டர்ன் பே
1 ஜூலை 2019

டேரில்,

மெயில் போடவில்லை, அடம்தான். இது பெர்த்தில் உனக்காகக் காத்திருக்கட்டும். உடனே பதில் எழுத முடியாத ஒருவனுக்கு எழுதுவது எனக்கு இப்போது வசதியாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிப் படித்தேன். அம்மாவின் பெயரை நீ எடுத்தது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவளைக் குளிப்பாட்டியது நான், நீ இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து "நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். அந்த இடத்துக்கு நானும் போய்ச் சேரப்போகிறேன் என்று நீ இரண்டு பக்கத்தில் அழகாக எழுதி அனுப்பிவிட்டாய்.

அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் என்னையே வேவு பார்க்கிறேன். தபால் ஆபீசில் இருக்கிற பெண்ணின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. ரப்பர் பூட்ஸை மழையில் வெளியே விட்டுவிட்டேன். இதெல்லாம் முன்பும் நடந்ததா, இப்போதுதான் நடக்கிறதா? முன்பு நான் கவனித்ததே இல்லை, அதனால் தெரியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நல்ல பெண். கடிகாரம் வரையச் சொன்னாள், சில சொற்களைச் சொல்லி, பேச்சுக்கு நடுவில் திருப்பிக் கேட்டாள். தலையை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், முடிவுக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் க்ளெம் வந்தான். சமையலறையில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

"மெரின், மெயின்லாண்ட்ல இருக்கற சிப்பிக் கம்பெனிக்காரன் திரும்பவும் கேட்டான்."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. வளைகுடாவுல உன் குத்தகையத்தான்."

"நான் விக்கப் போறேன்னு எவன் சொன்னான்?"

"நீ விக்கலேன்னா லைசென்ஸ் ஆபீஸ் எடுத்துக்கும். தானா விட்டுட்டா மரியாதையா முடிஞ்சிடும். யாரும் உன்னத் தப்பா நெனைக்கல, மெரின். வயசாகுது, அவ்வளவுதான்."

"உனக்கும் எனக்கும் ஒரே வயசுடா, மடையா."

"எனக்கும்தான் ஆகுது. ஆனா என் தம்பி வந்து, என் கம்ப்யூட்டர் வேற சொல்லியிருக்கும்னு சபையில சொல்லலியே."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாவம், மகள் கல்யாணம் கெட்டுப்போனவன். 

அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். மழை விட்டிருந்தது. ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் எனக்கே சந்தேகம், அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது. கையுறையைக் கழற்றினேன். சொல்லைத் தட்டினேன். 'காலை வணக்கம், மகாராணி' என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் 'கடை திறந்திருக்கு' என்றது. சரி, இதற்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் படகை எடுத்தேன். இதுதான் எனக்கு ஞாபகம்.

ஆனால் அம்மாவுக்கும்தான் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருந்தது. நான் வைத்திருப்பது எந்த நாளின் ஞாபகம், டேரில்? வேறு ஏதோ ஒரு காலையை எடுத்து ஈஸ்டர் வெள்ளிக்கு ஒட்டிக்கொண்டேனா? நீயும் கம்ப்யூட்டரும் ஒரு பக்கம் நிற்கிறீர்கள், நான் மட்டும் இந்தப் பக்கம். எனக்குப் பயமாக இருக்கிறது.

மெரின்


சோரெல்
22 ஜூலை 2019

அன்புள்ள டேரில்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். குத்தகை, படகு, கொட்டகை, சிப்பிக் கூடைகள், எல்லாம் கம்பெனிக்கு. வீடும் அதே நிலத்தில்தானே இருக்கிறது, அதுவும். சோரெலில் மாடியில்லாத சின்ன வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது, முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மின்சார அடுப்பு, மறந்து விட்டாலும் தானே அணைந்துவிடுமாம், அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். பழைய போன் எண்ணையும் வீட்டோடு விட்டுவிட்டேன்.

டட்லியை க்ளெமின் தங்கை வீட்டுக்கு, டெவன்போர்ட்டுக்கு, அனுப்பிவிட்டேன். சாப்பாடு போட மறந்து, போட்டேன் என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்தால் அதன் கதி என்ன? அது வாய் திறந்து சொல்லவா போகிறது? காரில் ஏற மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. முன்பு எழுதியதை எல்லாம் மறந்துவிடு. நீ சொல்லாவிட்டால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அடுத்த முறை யாராவது செத்தே போயிருக்கலாம். நீ பார்த்ததைச் சொன்னாய், அது சரிதான்.

மெரின்


பெர்த்
7 ஆகஸ்ட் 2019

மெரின்,

உனக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் படி. உன் ஞாபகம் சரி, நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி, தப்பு என்னுடையது. மீதியை உட்கார்ந்து படி.

இன்று மத்தியானம்தான் சுரங்கத்திலிருந்து வந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்திருந்தாள். ஜூலை முதல் தேதிக் கடிதத்தைப் பையைக்கூட இறக்காமல் மாடிப்படியிலேயே பிரித்தேன். 'காலை வணக்கம், மகாராணி' என்ற இடம் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அரசாங்கம் அனுப்பிய நிரலுக்கு வணக்கமும் தெரியாது, மகாராணியும் தெரியாது. திறப்பு, மூடு, இந்த இரண்டு சொல்தான் அதற்குத் தெரியும். உன்னை மகாராணி என்று கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான்.

வீட்டுக்குள் போய், இங்கிருந்தே உன் கொட்டகைக் கம்ப்யூட்டரைப் பிடித்தேன். இன்னும் அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை முழு முகவரி எதையும் கொடுக்கவில்லை. நீ தட்டுகிற மாதிரி வெறும் சொல்லை மட்டும் தட்டி, ஈஸ்டர் மழையைக் கொடுத்தேன். காலை வணக்கம், மகாராணி, கடை திறந்திருக்கு.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வந்தால், கம்ப்யூட்டரில் நுழைந்தவுடன் ஓடுகிற நம்முடைய தொடக்கக் கோப்பை அவருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்போம். பல வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த குறுக்குவழிகள் எல்லாம் அதில் இருக்கும், புதியவருக்கு விரல் நோகாது. அம்மா போன பிறகு நான் வந்து உனக்கு அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தேனே, அன்றைக்கு என் கோப்பையே உனக்குக் கொடுத்தேன். அதில் உனக்காக ஒரு துண்டு சேர்த்து எழுதினேன். ஹார்வெஸ்ட் என்று மெரின் தட்டினால், முதலில் வணக்கம் சொல், பிறகு நான் எழுதி அவள் ஃபோல்டரில் வைத்திருக்கிற நிரலை ஓட்டு என்று. நீ அன்றைக்குச் சிரிக்கவே இல்லை, உன்னைச் சிரிக்க வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு அதை அடியோடு மறந்துபோனேன்.

ஷெல் ஒரு சொல்லைக் கேட்டால் உடனே ஃபோல்டர்களைத் தேடிப் போவதில்லை. நுழையும்போது தன்னிடம் சொல்லிவைத்தது ஏதாவது அந்தப் பெயரில் இருக்கிறதா என்று தனக்குள் முதலில் பார்க்கும். இருந்தால் அதோடு முடிந்தது, வெளியே போகாது. 'விச்' என்பது தனி ஆள், ஷெல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபோல்டர் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லும். உண்மையில் எது ஓடும் என்று தெரிய வேண்டுமானால் ஷெல்லையே கேட்க வேண்டும், அதற்கு 'டைப்' என்று வேறொரு கட்டளை இருக்கிறது. இன்று அதைக் கேட்டேன். ஹார்வெஸ்ட் என்பது எனக்குள் எழுதி வைத்த ஒன்று என்று சொல்லி, நான் எழுதிய வரிகளை ஒன்றுவிடாமல் திரையில் போட்டுக் காட்டியது. க்ளெம் புது நிரலைச் சரியான இடத்தில்தான் வைத்தான். உன் சொல் அது வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. பழைய விதியோடு என் பழைய நிரல்தான் தினமும் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இது எனக்குத் தெரியாததா? வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற விஷயம். முழு முகவரி கொடுத்து ஓட்டினால் ஷெல் தனக்குள் பார்க்காது, நேராக அங்கே போய்விடும். ஜாக்கிரதை என்று நினைத்து நான் செய்தது, நீ தட்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க, அன்னிக்குத் தட்டின மாதிரி தட்டு, பாப்போம்" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

இதை எல்லாம் கண்டுபிடித்து, உனக்கு நல்ல செய்தி சொல்லப்போகிறேன் என்ற சந்தோஷத்தில்தான் இரண்டாவது கடிதத்தைப் பிரித்தேன்.

உன் எண் வேலை செய்யவில்லை. க்ளெமைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"இப்ப வந்து சொல்றியே, டேரில்."

"இப்பத்தான் தெரிஞ்சுது, க்ளெம். வித்தத நிறுத்த முடியுமா?"

"எதடா நிறுத்தறது? அவனுங்க வந்து கூடையெல்லாம் மாத்தியாச்சு. கேட்ல அவனுங்க பேரு எழுதியாச்சு."

"அவளப் போய்ப் பாத்து நீயாவது சொல்லு."

"நான் மாட்டேன். வயசாகுதுன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நான். நீயே சொல்லிக்கோ."

வக்கீலைப் பார்க்கிறேன், சங்கத்தில் பேசுகிறேன், லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதுகிறேன். என்னால் முடிந்த எதையும் விடமாட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

டேரில்


சோரெல்
19 ஆகஸ்ட் 2019

டேரில்,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். முதல் வரியைப் படித்துவிட்டு நடக்கப் போனேன். ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏதோ கடையில் நுழைந்து, என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் முழித்தேன், அப்புறம் எதுவும் வாங்க வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். கடைக்காரன் பயந்துபோனான்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. கூட்டம் நடந்த அன்றைக்கு வந்ததைவிடப் பெரிய கோபம். கோப்பும் ஷெல்லும் எனக்கு முழுசாகப் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. நீ விளையாட்டாக எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. தினமும் காலையில் அந்தக் கொட்டகையில் என்னோடு பேசியது அது ஒன்றுதான். அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமே என்று. கூட்டத்தில் நானாவது வாயைத் திறந்து, என்னை மகாராணி என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திறந்திருக்கு என்றது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன். நீ என்னை மெயில் போடச் சொன்னாய், நான் போடவில்லை. போட்டிருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும், இதெல்லாம் நடந்திருக்காது. அது என் தலையில்தான் விடிகிறது, உன் தலையில் இல்லை.

ஆனால் உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டாக்டர் முடிவைச் சொல்லிவிட்டாள். என்னை உட்கார வைத்து, ஸ்கேன் படத்தைக் காட்டி, "ஒண்ணுமே இல்ல, மெரின். ரொம்ப நல்லா இருக்கீங்க. தூக்கம் சரியில்ல, கவலை, அவ்வளவுதான்" என்றாள். "எங்க அம்மாவுக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றேன். "நீங்க உங்க அம்மா இல்லியே" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்து, நேராகக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன்.

அந்தப் பெண் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை நான் நம்பவில்லை, டேரில். என் கண் பார்த்ததையும் நம்பவில்லை. நீ கண்ணாடி துடைத்ததை நம்பினேன்.

மெரின்


பெர்த்
2 செப்டம்பர் 2019

அன்புள்ள மெரின்,

உன் கடிதம் கிடைத்தது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சங்கக் கூட்டத்தில் மறுபடியும் அதே திரையில் பேசினேன். ஷெல், கோப்பு என்று ஆரம்பித்ததும் க்ளெம் கையைக் காட்டி நிறுத்தினான். "கத வேணாம். மெரின் சொன்னது உண்மையா, பொய்யா?" என்றான். உண்மை என்றேன். "அப்ப தப்பு யாருது?" என்றான். என்னுடையது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.  மாப்பிள்ளையின் அப்பா கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். "அந்தம்மா எங்க இருக்காங்க? நான் போய்ப் பாக்கணும்" என்று அவர் ஒருவர்தான் கேட்டார். உன்னைக் கேட்காமல் முகவரி கொடுக்கவில்லை.

கம்பெனி குத்தகையைத் திருப்பித் தராது. வக்கீல் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை, தெளிந்த புத்தியோடு போட்ட கையெழுத்து என்கிறார்.  டெவன்போர்ட்டுக்குப் பேசினேன். டட்லியை எப்போது வேண்டுமானாலும் வந்து கூட்டிப் போகலாம் என்கிறார்கள்.

நான் அங்கே வரட்டுமா? வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்றால் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல், அதை மட்டும் செய்கிறேன்.

டேரில்


சோரெல்
11 செப்டம்பர் 2019

டேரில்,

வா. வரும் வழியில் டெவன்போர்ட்டில் இறங்கி டட்லியைக் கூட்டிக்கொண்டு வா. உன்மேல் ஏறி விழும், நல்ல சட்டை போட்டுக்கொள்ளாதே. அந்தப் பெரியவருக்கும் என் முகவரியைக் கொடு.

பிட்டர்ன் பேவுக்குப் போகலாம் என்று என்னைக் கூப்பிடாதே. போன வாரம் கம்பெனிக்காரன் என் புது எண்ணுக்குப் போன் செய்தான், ஓடைப் பக்கம் எந்த வரிசையில் சிப்பி சீக்கிரம் பருக்கும் என்று கேட்டான். சொன்னேன். சிப்பி என்ன பாவம் செய்தது? வேலைக்கு வருகிறீர்களா என்றும் கேட்டான். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா சிப்பி வளர்த்த தண்ணீரில் இன்னொருத்தனுக்குச் சம்பளத்துக்கு நிற்க என்னால் முடியுமா என்று இன்னும் தெரியவில்லை.

சங்கத்தில் எழுதிக்கொண்டதை க்ளெம் வீடு தேடி வந்து படித்துக் காட்டினான். அழுதான். பிஸ்கட்டைத் தொடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறான். நீயும் அப்படி நினைத்துக்கொண்டு வந்துவிடாதே. அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன். அணைத்திருக்கிறது. மறுபடி போகிறேன், மறுபடி வந்து பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும், தெரிந்தும் கால் திரும்புகிறது.

வந்து எதையும் விளக்காதே, மன்னிப்பும் கேட்காதே. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே, ஒன்றே ஒன்று செய். படுக்கப் போகும்போது, கதவைப் பூட்டிவிட்டேன் என்று நான் சொல்வேன். நீ எழுந்து போய்ப் பார்க்காதே.

மெரின்